டாங்கியைக் கரையில் இறக்கும் கலங்கள்: ஊர் ஊராகக் கேட்டதும் சொன்னதும்

கல்லடி: அண்ணன், புதுசு புதுசாகத் தரையிறங்கு கலம் கட்டுகிறார்களே, பழையதில் என்ன குறை?

குறை எல்லாம் கடைசி 50 மீற்றரில்தான் தம்பி. 60 தொன் டாங்கியை ஏற்றினால் கலம் ஆழமாக அமிழும், கடலடி மெல்லச் சரிகிற இடத்தில் கரைக்கு வெகு முன்பே தரை தட்டிவிடும், மிச்சத் தூரம் தண்ணீர்தான். பிரான்ஸின் ஈடிஏ-ஆர் என்ற தரையிறங்கு கலம் இதற்கு அழகான வழி கண்டது: இரட்டை உடல் கட்டமரன், நடுவில் ஏறி இறங்கும் தளம். ஓடும்போது தளம் மேலே, அதனால் வேகம். கரையை நெருங்கியதும் தளத்தைத் தண்ணீரில் இறக்கினால் அதுவும் சேர்ந்து மிதந்து கலத்தை உயர்த்தும். 80 தொன் ஏற்றுகிறது. எனக்குப் பிடித்த வடிவம் இதுதான்.

குருமண்வெளி: நம்ம மண்டூர்ப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவைப் படகில்) லொறி ஏற்றுகிற மாதிரித்தானே?

வண்டி இறங்க முன்பக்கப் பலகை விழுவது மட்டும் அப்படி. பாதைக்கு இரண்டு பக்கமும் துறை இருக்கு, வாவியில் அலையும் இல்லை. தரையிறங்கு கலம் வெறும் மணலில் ஏறிவிட்டுத் திரும்பவும் வேண்டும், அதனால் வரும்போதே பின்னால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, போகும்போது அந்தக் கம்பியை விஞ்சால் (கம்பியைச் சுற்றும் பொறியால்) இழுத்துப் பின்வாங்கும்.

வாழைச்சேனை: முருகைக்கல் (பவளப்பாறை) குறுக்கே இருந்தால்?

1943 நவம்பரில் பசிபிக் தீவான தராவாவில் அதுதான் நடந்தது. கற்பாரின் மேல் தண்ணீர் போதாமல் அமெரிக்கரின் ஹிக்கின்ஸ் தரையிறங்கு படகுகள் நின்றுவிட, படையினர் ஜப்பானியரின் சூட்டுக்குள் நடந்தே கரைக்குப் போனார்கள். நீரிலும் தரையிலும் ஓடும் சங்கிலிச் சக்கர வாகனங்கள் மட்டும் கல்லேறிக் கடந்தன.

அக்கரைப்பற்று: அப்போ ஹோவர்கிராப்ட் போதுமே?

அது காற்று மெத்தையில் போவதால் தாழ்ந்த கல்லும் சேறும் தடை இல்லை. உலகக் கடற்கரையில் சாதாரணக் கலம் 15 வீதத்தில்தான் ஏறும், இது 70 வீதத்தில் ஏறும் என்று அமெரிக்கக் கடற்படை சொல்கிறது. அவர்களின் புதிய ஹோவர்கிராப்ட் 74 தொன்னை 35 நொட் (மணிக்கு 65 கி.மீ. போல) வேகத்தில் கொண்டுபோகும். ஆனால் எரிபொருள் குடிக்கும், சத்தம் காதைப் பிளக்கும், கவசமும் பெரிதாக இல்லை. அதனால்தான் எல்சியு 1700 என்று மெதுவான கலத்தையும் கூடவே கட்டுகிறார்கள். அது 170 தொன் சுமக்கும், இரண்டு டாங்கி தாராளம்.

கல்முனை: நம்ம நாட்டுக் கடற்படையிடம்?

சக்தி என்ற தரையிறங்கு கப்பல் இருக்கு, 1995இல் சீனாவிலிருந்து வந்தது. 2021இல் சென்னையிலிருந்து ஒட்சிசன் ஏற்றிவந்ததும் அதுவே.

திருக்கோவில்: மார்கழியில் எங்கட கரையில் இறக்கலாமா?

கஷ்டம். வாடைக்காற்று கிளப்பும் பெரிய அலை கரை மணலை அரித்துவிடும். அதோடு உடைகிற அலை பின்பக்கத்தைத் தள்ளிக் கலத்தைக் குறுக்கே திருப்பினால் பலகையைத் திறக்கவே முடியாது.