எஸ்டேட் பங்களா ரைஃபிள்: எப்படி இருக்கிறது என்பதற்கு முன், எங்கே இருக்கிறது?

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கிறேன். லைசென்ஸோடு ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. மலையோரத்தில் ஒரு பழைய எஸ்டேட் குடும்பத்தில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்ற ஆங்கிலக் கம்பெனியின் .318 (குழல் அளவு) வேட்டை ரைஃபிள் விலைக்கு வருவதாகத் தெரிந்த தரகர் ஒருவர் சொல்கிறார். உடையவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. "நூறு வருஷத்து ஆன்டிக், இதற்குப் பேப்பர் எதுவும் வேண்டாம், அப்புறம் நிதானமாக உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார். ஒரு லட்சம் முன்பணம் கேட்கிறார். போட்டோவில் பார்த்தால் ஆசையாக இருக்கிறது. கொடுக்கலாமா? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: கொடுக்க வேண்டாம். ஒரு ரூபாய்கூட வேண்டாம். வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. அது நல்ல ரைஃபிள்தான். ஆனால் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கு முன்னால் தரகரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அந்த ரைஃபிள் இப்போது எங்கே இருக்கிறது?

லைசென்ஸ்காரர் இறந்த அன்றோடு அவருடைய லைசென்ஸும் முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் அதைத் தங்கள் பெயருக்கு வாங்கவில்லை என்றால், துப்பாக்கியைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ, உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. ஒப்படைத்தால் சொத்து போய்விடும் என்று பல வீடுகளில் பயப்படுகிறார்கள். போகாது. ஒப்படைத்த இடத்தில் இருக்கும்போதே, குறிப்பிட்ட கெடுவுக்குள், தகுதியுள்ள ஆளுக்கு விற்றுப் பணம் பெற வாரிசுக்கு உரிமை உண்டு. கெடு தாண்டினால்தான் அரசு எடுத்துக்கொள்ளும்.

ஆக, "ஸ்டேஷனில் இருக்கிறது, ரசீது இருக்கிறது" என்று பதில் வந்தால் மேலே பேசலாம். "ஆயுதக் கடையில் இருக்கிறது" என்றால் இன்னும் நல்லது. "பங்களா அலமாரியில் இருக்கிறது, என் காரிலேயே கொண்டுவந்து காட்டுகிறேன்" என்றால், அந்த ரைஃபிள் ஆறு வருடமாகச் சட்டத்துக்கு வெளியே கிடக்கிறது. அதைக் கையில் வாங்கிப் பார்க்கிற நிமிடம் நீங்களும் அந்தக் குற்றத்துக்குள் வந்துவிடுகிறீர்கள். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, கூடினால் 5 ஆண்டு சிறை. உங்களிடம் இருக்கும் ஒற்றைக்குழல் லைசென்ஸ் இதற்குக் குடை பிடிக்காது. அது அந்த ஒற்றைக்குழலுக்கு மட்டும்தான்.

இந்த 'ஆன்டிக்' பேச்சைக் கொஞ்சம் நிதானமாகவே பார்த்துவிடலாம். முப்பது வருடம் துப்பாக்கி பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஒரு சொல்லை நம்பிப் பணத்தைத் தொலைத்தவர்களை எண்ணி முடியாது.

சட்டத்தில் விலக்கு இருப்பது உண்மைதான். 45ஆம் பிரிவில், பழங்கால மாதிரி, பழம்பொருள் மதிப்புள்ளது, பழுதாகிப்போனது ஆகிய ஆயுதங்களுக்கு விலக்கு உண்டு. தரகர் அதுவரைக்கும்தான் வாசித்திருப்பார். அடுத்த வரியில், அது ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாததாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. ரிப்பேர் செய்தாலும்! பழசாக இருந்தால் போதாது, செத்துப்போயிருக்க வேண்டும். தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியைக் கழற்றி வைத்தால் செத்ததாகாது. என்னிடம் கொடுத்தால் மறுநாளே வேறு ஊசி போட்டுக் கொடுத்துவிடுவேன். ஒருவர் பழைய மருந்திடிக்கிற துப்பாக்கி ஒன்றைச் சுவரில் மாட்ட வாங்கி வந்தார். மருந்து பற்றும் துளையில் ஈயம் ஊற்றி அடைத்திருந்தார்கள். "இனி இது வெறும் இரும்புதானே?" என்றார். ஈயத்தை உருக்கி எடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது.

கொஞ்சம் விவரமான தரகர் என்றால் இன்னொன்று சொல்வார். 2020 பிப்ரவரியில் மத்திய அரசு 'கியூரியோ' (அரிய பழம்பொருள்) வகைத் துப்பாக்கிகளை வைத்திருக்க லைசென்ஸ் வேண்டாம் என்று அறிவித்துவிட்டதே என்பார். அறிவித்தது சரி. ஆனால் அதைச் சுடுவதற்கும், கையில் கொண்டுபோவதற்கும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் கொண்டுசெல்வதற்கும் லைசென்ஸ் வேண்டும் என்று அதே அறிவிப்பில் இருக்கிறது. உங்கள் லைசென்ஸில் பதியாமல் தோட்டாவும் கிடைக்காது. பங்களாவிலிருந்து உங்கள் வீட்டுக்கு அந்த ரைஃபிள் பறந்தா வரும்? தவிர, எது கியூரியோ எது இல்லை என்று சொல்ல வேண்டியது லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகம், கமிஷன் வாங்குகிறவர் அல்ல. உடையவர் தன் சொந்தத் துப்பாக்கியை விற்கலாம். மற்றவர்கள் உரிமம் இல்லாமல் துப்பாக்கியை விற்பனைக்கு வைப்பதே குற்றம். உங்கள் தரகர் நிற்கிற இடமே சறுக்குப் பாறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ரசீது இருக்கிறது என்றே வைப்போம். அப்புறம் வழி நேரானது, நீளமானது. ஒருவர் வைத்திருக்கக்கூடியது 2019க்குப் பிறகு இரண்டு துப்பாக்கி. உங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதில் சிக்கல் இல்லை. இரண்டாவதாக ரைஃபிள் வாங்க நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் முதலில் அனுமதி வாங்குங்கள். விற்கிற வாரிசு, இன்ன ரைஃபிளை இன்னாருக்கு விற்கப்போகிறேன் என்று கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். மற்ற வாரிசுகளிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி கடைசி வாரத்தில் போன் செய்வாள். ரைஃபிள் நம்பரை நீங்களே பார்த்து எழுதுங்கள். பழைய லைசென்ஸ் புத்தகத்தில் ஓர் எண் மாறியிருந்தால்கூட உங்கள் கோப்பு திரும்பி வரும். பணம் வங்கி வழியாக, வாரிசின் பெயருக்கு, அனுமதி கைக்கு வந்த பிறகு.

இதற்கெல்லாம் எத்தனை நாள் ஆகும் என்று கேட்காதீர்கள். வருவாய்த்துறை அறிக்கை, போலீஸ் அறிக்கை என்று கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போவதற்குள் உங்கள் ரப்பர் மரம் இரண்டு பட்டை வெட்டி முடிந்துவிடும். நியாயமாக வாங்க நினைப்பவனை இப்படி நடக்கவைத்தால் அவன் தரகரிடம் போகாமல் என்ன செய்வான்? இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இனி தோட்டா. ஆசையில் எல்லாரும் மறப்பது இதைத்தான். .318 வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் 1910 வாக்கில் வந்தது. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் வேட்டைக்காரர்கள் விரும்பி வைத்திருந்தார்கள். நம் ஆர்டினன்ஸ் தொழிற்சாலை, அதாவது அரசு ஆயுதத் தொழிற்சாலை, செய்யும் தோட்டா .315. பெயரில் மூன்றுதான் வித்தியாசம், "இதுவும் அதுவும் ஒன்றுதான், இரண்டும் எட்டு எம்.எம்." என்பார்கள். ஒன்றல்ல. .315 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு, .318க்கு அது கிடையாது. குண்டின் பருமனும் வேறு. ஜெர்மன் எட்டு எம்.எம். மவுசர் தோட்டா மூன்றாவது சாதி. மாற்றிப் போட்டுப் பார்க்க நினைத்தால் ஒரு கண்ணையோ சில விரல்களையோ பணயம் வைக்கிறீர்கள். .318 தோட்டா இங்கே செய்வதில்லை. எப்போதாவது ஒரு கடையில் இறக்குமதிச் சரக்கு கிடைத்தால் விலையைக் கேட்டு உட்கார்ந்துவிடுவீர்கள். ரைஃபிளோடு பழைய கைனாக் கம்பெனித் தோட்டா டப்பா ஒன்றைத் தருவதாகச் சொன்னால் அதற்கும் மயங்காதீர்கள். அந்தக் காலத்துத் தோட்டாவின் பற்றுமருந்து சுட்ட பிறகு குழலில் உப்பை விட்டுப் போகும். அந்த உப்பு நம் ஊர்க் காற்றோடு சேர்ந்தால் குழல் என்ன ஆகும் என்று கடலோரத்தில் ஜன்னல் கம்பி வைத்திருப்பவரைக் கேளுங்கள். சுடவும் வேண்டும், பழைய ரைஃபிளும் வேண்டும் என்றால் பி.எஸ்.ஏ. என்ற ஆங்கிலக் கம்பெனி செய்த .315 ஒன்றைத் தேடுங்கள். அழகு கொஞ்சம் குறைவு, தோட்டா கிடைக்கும்.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. .303 இந்தியாவில் தடைசெய்யப்பட்ட ரகம், சிவிலியன் கைக்கு வரக்கூடாதது. பி.எஸ்.ஏ. .315ம் பட்டாளத்து .303ம் ஒரே குடும்பம், பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி. குழலில் எழுத்தைத் தேய்த்துவிட்டு .315 என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அகப்பட்டால் தண்டனை 7 ஆண்டிலிருந்து தொடங்கும். வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்தத் தடை விளையாட்டு இருந்தது. 1907இல் .450 ரகத்தை இந்தியாவில் தடுத்தார்கள், கலகக்காரர்களின் பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்குத் தோட்டா போய்விடும் என்ற பயத்தில். லண்டன் கம்பெனிகள் உடனே .465, .470 என்று புது அளவுகளைச் செய்துவிட்டன. எஸ்டேட் பங்களாக்களில் நாம் பார்க்கும் விசித்திரமான எண்களில் சில அப்படி வந்தவை.

பொருளைப் பார்ப்பதற்கு இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. ஸ்டேஷனிலோ கடையிலோ அனுமதியோடு, துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒரு கன்ஸ்மித்தைக் கூட்டிக்கொண்டு பாருங்கள். போல்ட்டை எடுத்துவிட்டு, பின்பக்கம் வெள்ளைத் தாளை வைத்து, குழல் வாய் வழியாகப் பாருங்கள். முறுக்கி ஓடும் வரிகள் கூர்மையாக இருக்க வேண்டும்; தோட்டா உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால் அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருந்தால் விலையைப் பாதியாக்குங்கள், அல்லது விட்டுவிடுங்கள். போல்ட், உடல், குழல் இவற்றில் உள்ள நம்பர்கள் சேருகிறதா? பர்மிங்காம் சோதனை முத்திரை கூர்மையாக இருக்கிறதா, வழுவழுவென்று மழுங்கியிருக்கிறதா? மழுங்கியிருந்தால் யாரோ துருவைத் தேய்த்துப் பாலீஷ் போட்டு, இரும்புக்குக் கருநீல மேற்பூச்சைப் புதிதாக ஏற்றியிருக்கிறார்கள். போட்டோவில் அருமையாகத் தெரிவது பெரும்பாலும் இதுதான். மரக்கட்டையிலிருந்து குழலைக் கழற்றி அடிப்பக்கம் பார்க்காமல் விலை பேசவே கூடாது. நம் ஊரில் இரண்டு மழைக்காலமும் கடற்காற்றும் ஒளிந்து தின்பது அங்கேதான். நம்பர் சரியாக இருந்தால் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனிக்கு எழுதலாம். முதலில் யாருக்கு விற்றோம் என்று பழைய பேரேட்டில் பார்த்துச் சொல்வார்கள்.

கட்டையில் கீறல் இருந்தால் குடும்பத்தாரைத் திட்டாதீர்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். அங்கே எல்லாவற்றையும் விறகுக்கட்டு போலச் சாய்த்து வைத்துவிடுகிறார்கள். நான் எண்ணெய் போட்டுத் துடைத்து அனுப்பிய ஓர் இரட்டைக்குழல், ஒரு ஸ்டேஷனிலிருந்து மூன்று மாதம் கழித்துச் செம்பருத்தி நிறத்தில் திரும்பி வந்தது. யாரிடம் போய்ச் சொல்வது? ஐந்து தேர்தல் பார்த்த ரைஃபிளின் கட்டையை அந்தக் கண்ணோடு பாருங்கள்.

வேட்டையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 1972 வன உயிரினச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சே இல்லை. களியக்காவிளை தாண்டினால் கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் உத்தரவிட்டு லைசென்ஸ்காரர்களைக் கொண்டு காட்டுப்பன்றியைச் சுடவைக்கிறார்கள் என்பது உண்மை. அதைக் கேட்டுவிட்டு இங்கே மரவள்ளித் தோட்டத்தில் குறிபார்க்காதீர்கள். நம் பக்கம் அது வனத்துறை வேலை.

வாங்கிவிட்டீர்கள் என்றால், கூடவே வரும் பழைய தோல் பெட்டியையும் கேட்டு வாங்குங்கள். நல்ல விலை பெறும். ரைஃபிளை மட்டும் அதற்குள் பூட்டி வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து இரும்புக்குக் கொடுக்கும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், பிசுபிசுத்து நிற்கும். துப்பாக்கி எண்ணெய் மெல்லிசாகப் போட்டு, இரும்பு அலமாரியில் நிற்கவைத்து, ஐப்பசி மழை நாட்களில் வாரம் ஒரு முறை துடைத்தால் போதும்.