கரையடியில் ஈரம்: களிமண் கொட்டி மூடலாமா?

கேள்வி: எங்கள் தோட்டத்து மண் அணை 4 மீட்டர் உயரம், 60 மீட்டர் நீளம். கட்டி 15 வருடம் ஆகிறது. இந்த முறை தண்ணீர் நிரம்பியதும் வெளிப்பக்கக் கரையடியில் இரண்டு பாய் அகலத்துக்குச் சொதசொதவென்று ஈரம் கண்டிருக்கிறது. பொக்லைன் வைத்துக் களிமண்ணைக் கொட்டி அமுக்கினால் அடைபட்டுவிடும் என்கிறார் கான்ட்ராக்டர். செய்யலாமா? கரை உடைந்துவிடுமா?

பதில்: செய்யாதீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும் வேலையை நிறுத்துங்கள்.

கசியாத மண் கரை உலகத்தில் கிடையாது. தண்ணீர் வெளியே வருவதால் மட்டும் கரை உடையாது. வரும் தண்ணீர் மண்ணையும் அரித்துக்கொண்டு வந்தால்தான் உடனடி ஆபத்து. அதை இன்றைக்கே பார்த்துவிடலாம். ஈரத்திலிருந்து ஒரு சிறு வாய்க்கால் கீறி, தண்ணீரை ஒரு பிவிசி குழாய்த் துண்டு வழியாக விழவிடுங்கள். கண்ணாடி பாட்டிலில் பிடித்து, ஆடாமல் அசையாமல் ஒரு நாள் வையுங்கள். அடியில் வண்டல் படியாமல் தெளிவாக இருந்தால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. வண்டல் படிந்தாலோ கலங்கலாகவே நின்றாலோ, கரைக்குள் பொந்து உருவாகிக்கொண்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதே குழாயின் கீழ் 10 லிட்டர் வாளியை வைத்து, நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று வாரம் ஒருமுறை குறியுங்கள். தேதி, நீர்மட்டம், மழை மூன்றையும் கூடவே எழுதுங்கள். மட்டம் ஏறும்போது கசிவும் கூடுவது இயல்புதான். மட்டம் ஏறாமல், மழையும் பெய்யாமல் கசிவு மட்டும் கூடினால் அது கெட்ட சேதி.

இனி களிமண் விஷயம். கரைக்குள் ஊறி வந்த தண்ணீரின் வாசலை நீங்கள் வெளியே அடைக்கிறீர்கள். தண்ணீர் நின்றுவிடாது. உள்ளேயே தேங்கி, கரையின் வெளிச்சரிவை இன்னும் மேலே வரை ஊறவைக்கும். ஊறிய சரிவு ஒருநாள் மொத்தமாக வழுக்கி இறங்கும், அல்லது தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத வேறிடத்தில் வழி தேடிக்கொள்ளும். அமெரிக்காவின் டீட்டன் அணையில் 1976 ஜூன் 5 காலையில் கலங்கல் கசிவு தெரிந்தது. புல்டோசர்களைக் கொண்டு அந்தத் துளைக்குள் மண்ணைத் தள்ளினார்கள். புல்டோசர்களையே துளை விழுங்கியது. நண்பகலுக்குள் அணை போய்விட்டது. அது 90 மீட்டருக்கும் அதிக உயரமான அணை, அத்தனை இன்ஜினியர்கள் கூட இருந்தார்கள்.

செய்ய வேண்டியது வடிகட்டி. தண்ணீரை விட வேண்டும், மண்ணைப் பிடிக்க வேண்டும். ஈரம் உள்ள இடத்திலும் அதைச் சுற்றி ஒரு மீட்டர் வரையிலும் புல்லை மட்டும் செதுக்கி எடுங்கள், குழி தோண்டாதீர்கள். முதலில் 30 செ.மீ. கழுவிய கரடு மணல், அதன் மேல் 30 செ.மீ. சிறு ஜல்லி, அதற்கு மேல் 30 செ.மீ. பெரிய கல். வரிசை மாறக்கூடாது. மணலில் களி கலந்திருந்தால் அத்தனையும் வீண். ஈர மணலை டம்ளரில் அழுத்திக் கவிழ்த்து, அந்தக் குவியலைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். உடனே சரிந்தால் நல்ல மணல். பொம்மை மாதிரி நின்றால் திருப்பி அனுப்புங்கள்.

அப்படியானால் வெளிச்சரிவில் மண்ணே போடக்கூடாதா என்றால், போடலாம், இந்த ஓர் இடத்தில் மட்டும். மணல், ஜல்லி, கல் மூன்றும் போட்டு, அடியிலிருந்து தண்ணீர் வெளியேற வழி வைத்த பிறகு, அதன் மேல் மண் போட்டு அமுக்கலாம். அந்தப் பாரம் சரிவைத் தாங்கும், நல்லதுதான். கல்லின் மேல் ஜியோடெக்ஸ்டைல் என்கிற, நெய்யாத வடிகட்டித் துணி விரித்துவிட்டே மண் போட வேண்டும், இல்லாவிட்டால் மண் கல்லின் இடுக்கில் இறங்கி அடைத்துக்கொள்ளும். வெளிவாயை மண் மூடிவிடவும் கூடாது. கான்ட்ராக்டர் சொல்வதும் இதுவும் பார்வைக்கு ஒரே வேலை போலத்தான் தெரியும். மண்ணுக்கு அடியில் வடிகட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் ஆளை அனுப்பிவிடுங்கள்.

மணிக்கணக்கில் கூலி வாங்கும் பொக்லைன்காரருக்கு மண் தள்ளுவதுதான் வருமானம். மணலைச் சலித்துப் போடுவதில் அவருக்கு ஒன்றும் இல்லை. சிமென்ட் பால் ஊற்றுகிறேன், வெளிப்பக்கம் பிளாஸ்டிக் ஷீட் விரிக்கிறேன் என்று வருபவர்களும் இதே கணக்குதான். சக்கரம் ஓட்டி "அமுக்கிய" மண்ணை நம்பாதீர்கள். 15 செ.மீ. அடுக்கு அடுக்காக, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரத்தில், ரோலர் விட்டால்தான் அது அமுக்கிய மண்.

உங்கள் ஈரம் மதகுக் குழாய் வெளிவரும் இடத்தை ஒட்டியிருக்கிறதா? அப்படியென்றால் தெளிந்த தண்ணீரையும் நம்பாதீர்கள். குழாயை ஒட்டிய மண் சரியாக அமுங்குவதே இல்லை, அரிப்பு அந்த வழியாகத்தான் ஓடும். நீர்மட்டத்தைக் குறைத்துவிட்டு அணை வேலை தெரிந்த இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். ஒரு நாளைக்கு 30 செ.மீ.க்கு மேல் இறக்காதீர்கள், வேகமாக இறக்கினால் உள்சரிவு சரியும்.

கலிங்கில், அதாவது நிரம்பிய தண்ணீர் வழிந்தோடும் வாயில், மீன் போகாமல் வலை கட்டியிருந்தால் இன்றே அவிழ்த்துவிடுங்கள். கூடுதல் தண்ணீருக்காக மணல் மூட்டை அடுக்கியிருந்தால் அதையும் எடுங்கள். கரை உச்சி, கலிங்கு வழியும் மட்டத்தைவிட ஒரு மீட்டராவது உயரமாக இருக்க வேண்டும். எலி வளை, நண்டு வளைகளை மண் 9 பங்கு, சிமென்ட் 1 பங்கு குழம்பாகக் கரைத்து ஊற்றி அடையுங்கள். கரையில் மரம் வளரவிடாதீர்கள்.

அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். சர்வதேசப் பெரிய அணைகள் ஆணையத்தின் பட்டியலே 15 மீட்டர் உயரத்தில் தொடங்குகிறது; 30 லட்சம் கன மீட்டருக்கு மேல் தேக்கினால் மட்டும் 5 மீட்டரிலிருந்து. 4 மீட்டர் கரையை எந்தப் பட்டியலும் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஆனால் ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன். உங்கள் கரைக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான டன் நிற்கிறது, கீழே குடியிருப்பவர்களுக்கு அது எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று தெரியாது. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

தண்ணீர் கலங்கலாகி, கசிவும் கண்ணெதிரே கூடினால் முதலில் கீழ்ப்பக்கத்து ஆட்களை வெளியேற்றுங்கள். 30 செ.மீ. கணக்கு அப்போது பொருந்தாது. மதகைத் திறந்து, பம்ப் வைத்து, முடிந்த மட்டும் இறக்குங்கள். மண்வெட்டி எடுத்துக் கரையை வெட்டிவிடாதீர்கள். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் கரை முடிந்து இயற்கைத் தரை தொடங்கும் இடத்துக்கு அப்பால், கெட்டித் தரையில் வெட்டுங்கள்.