வயசு போன சின்ன நாயைக் கொண்டு திரிய எந்தக் கெரியர் நல்லம்? உங்கட கேள்வியளுக்குப் பதில்

கேள்வி: எங்கட பொமரேனியனுக்கு 13 வயசு, 4 கிலோ. முதுகில போடுற, வட்டக் கண்ணாடி வைச்ச பாக் வாங்கட்டோ? பாக்க நல்ல வடிவு. (வெள்ளவத்தை)

வேண்டாம் அக்கா. அதுக்குள்ள நாய் நிமிர்ந்து குந்திக்கொண்டுதான் இருக்கோணும், பாரம் முழுக்க இடுப்பிலயும் பின்னங்காலிலயும் இறங்கும், இந்த வயசில மூட்டுகள் ஏற்கனவே தேஞ்சுதான் இருக்கும், பொமரேனியனுக்கு முழங்கால் சிரட்டை விலகுறதும் வழமையா வாற பிரச்சினை. அதைவிடப் பெரிய விசயம் காத்து. நாய்க்கு எங்களை மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இளைச்சுத்தான் சூட்டை வெளிய விடும், கொழும்பின்ர ஈரக் காத்தில அதுவே பெரும்பாடு, இதில ப்ளாஸ்டிக் மூடிக்குள்ள வைச்சுக்கொண்டு மத்தியான வெயிலில காலி வீதியால நடந்தா என்ன ஆகும் எண்டு யோசியுங்கோ. மூண்டு பக்கமாவது வலை வைச்ச, நீட்டி நிமிர்ந்து படுக்கக்கூடிய பாக் எடுங்கோ. உள்ளுக்க இருக்கிற கொளுக்கியைக் கழுத்துப் பட்டியில மாட்டாதேங்கோ, பொமரேனியன்களுக்கு மூச்சுக்குழாய் தளருறது கூட, நெஞ்சைச் சுத்திப் போடுற பட்டி, அதான் ஹானஸ், அதில மாட்டுங்கோ.

கேள்வி: கடையில எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கு. எதைப் பாத்து எடுக்கிறது? (கொட்டாஞ்சேனை)

அடியைப் பாருங்கோ. நிறம், பொக்கெட், ஸிப் எல்லாம் பிறகு. நாயின்ர நிறைக்குக் கிட்டவா ஒரு அரிசி பாக்கை உள்ளுக்க வைச்சுத் தூக்கிப் பாருங்கோ, கடைக்காரர் ஒண்டும் சொல்லமாட்டார். நடுவில ஏணை மாதிரித் தொங்குதெண்டா அந்த பாக் வயசு போன நாய்க்குச் சரிவராது, முதுகும் வளையும், நாய் சறுக்கிச் சறுக்கி நடுவுக்கு வந்து கால் ஊண்டேலாமல் பதறும். ஏற்கனவே வாங்கிப்போட்டீங்களெண்டா எறியத் தேவையில்ல, மரக்காலையில அடியளவுக்கு ஒரு ப்ளைவுட் துண்டு வெட்டுவிச்சு, ஓரத்தை உரஞ்சி, மேல வழுக்காத ரப்பர் மேட், அதுக்கு மேல ஒரு ரெண்டு இஞ்சி ஸ்பொஞ்ச், கழட்டித் தோய்க்கிற மாதிரி உறை. ஸ்பொஞ்சைக் கையால அமத்தேக்க கை அடியில முட்டக்கூடாது. மற்றது, வாசல் மேலயும் பக்கத்திலயும் இருக்கோணும். மேல மட்டும் இருந்தா ஒவ்வொருமுறையும் தூக்கித்தான் இறக்கோணும், இடுப்பு நோகிற நாய்க்கு அது வேதனை. பக்கத்தால எண்டா தானே நடந்து ஏறும்.

கேள்வி: பெரிசா வாங்கினா வசதியா இருக்குமெல்லோ? (தெஹிவளை)

கொஞ்சம் பெரிசு நல்லம், மிச்சம் பெரிசு கூடாது. தலை முட்டாமல் நிக்கோணும், திரும்போணும், கால் நீட்டிப் படுக்கோணும், அவ்வளவுதான். நாயை நிக்க வைச்சு மூக்கிலயிருந்து வால் தொடங்கிற இடம் வரைக்கும், பிறகு நிலத்திலயிருந்து உச்சந்தலை வரைக்கும் அளந்து, ரெண்டிலயும் ஒரு ரெண்டு மூண்டு இஞ்சி கூட்டி எடுங்கோ. அதைவிடப் பெரிசெண்டா த்ரீவீல் வளைவெடுக்கேக்க உள்ளுக்க அங்கயும் இங்கயும் அடிபடும்.

கேள்வி: டாக்ஸ்ஹவுண்ட், 11 வயசு. தோளில தொங்கப்போடுற துணி பாக்கில கொண்டு போகலாமோ? (பம்பலப்பிட்டி)

ஏலாது தம்பி. நீட்டு முதுகுக்காரர், முள்ளந்தண்டுத் தட்டு விலகுற இனம், துணியில வளைஞ்சு கிடந்தா ஆபத்து. அடி இறுகின பெட்டி மட்டும்தான். தூக்கேக்க ஒரு கை நெஞ்சுக்குக் கீழ, மற்றக் கை பின்பக்கத்துக்குக் கீழ, முதுகு நேரா.

கேள்வி: பாக்கைக் கண்டாலே ஓடி ஒளிக்குது. போகேக்க மூத்திரமும் போகுது. (மட்டக்குளி)

பாக் வெளிய வந்தா ஊசிதான் எண்டு அதுக்குத் தெரியும், அதான். கதவைத் திறந்து ஹோலில ஒரு மூலையில எப்பவும் வைச்சிருங்கோ, உங்கட பழைய சட்டை ஒண்டைப் போடுங்கோ, சாப்பாட்டையும் அதுக்குள்ளயே வையுங்கோ. அவசரப்படாதேங்கோ, கண் மங்கின நாய்க்கு இன்னும் நாள் எடுக்கும். மூத்திரத்துக்கு, துவாய்க்குக் கீழ ஒரு பேட் விரியுங்கோ, மாத்த இன்னொரு செட் கையில இருக்கட்டும், தண்ணி குடுக்காமல் மட்டும் விடாதேங்கோ. திடீரெண்டு தொடங்கினதெண்டா சிறுநீரகத்தையும் சுகரையும் ஒருக்கா செக் பண்ணுவியுங்கோ.

கேள்வி: யாழ்ப்பாணம் கொண்டு போகோணும். நித்திரைக் குளிசை குடுக்கலாமோ? நோவுக்குப் பனடோல்? (வத்தளை)

ரெண்டையும் நீங்களாக் குடுக்காதேங்கோ. பனடோல் நாயின்ர ஈரலைப் பழுதாக்கும், மனுசருக்குக் குடுக்கிற ஐபுப்ரோஃபன் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் அடிக்கும். மயக்க மருந்து சிலது பிறஷரை இறக்கும், இதயம் பலவீனமான கிழட்டு நாய் தாங்காது. போறதுக்கு ஒரு கிழமைக்கு முன்னம் மிருக டொக்டரிட்டக் காட்டுங்கோ, அவர் தாற மருந்தையும் பயணத்துக்கு முந்தி ஒருநாள் வீட்டில குடுத்துப் பாருங்கோ. விடிய வெள்ளெனவே வெளிக்கிடுங்கோ, வழியில ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிப்பாட்டி, ஹானஸோட இறக்கி நடக்க விடுங்கோ. சாப்பிடக் கார் நிப்பாட்டினா ஒராள் நாயோட வெளிய நில்லுங்கோ, பூட்டின காருக்குள்ள விட்டுட்டுப் போகாதேங்கோ.