இரவல் நெக்ரான் படையோடு ஞாயிறு போட்டிக்கு

வார்ஹேமர் 40,000 என்ற பொம்மைப் படை மேசை விளையாட்டில் ஸ்பேஸ் மரீன் படை மட்டுமே ஆடிய நீங்கள், நண்பரின் நெக்ரான் படையோடு (செத்தாலும் எழும் இயந்திரப் படை) பெங்களூரு இந்திராநகரில் மூன்று ஆட்டம் ஆட வேண்டும், அதில் ஒன்று ஓர்க் படையோடு என்கிறீர்கள். விதிகள் 10ஆம் பதிப்பு என்று வைத்துச் சொல்கிறேன்.

எல்லாப் படையின் விதியையும் இப்போது மனப்பாடம் செய்யாதீர்கள், வீண். உங்கள் முறையின் முதல் கட்டமான கட்டளைக் கட்டத்தின் முடிவில் ஒவ்வொரு நெக்ரான் அணியும் டி3 காயம் (பகடை போட்டு 1 முதல் 3 வரை) மீட்கும், செத்த வீரர்களும் அப்படி எழுவார்கள். அதைத்தான் மறப்பீர்கள். நான் இரண்டு சுற்று மறந்தேன். அப்புறம் பகடைப் பெட்டி மூடியில் 'எழுப்பு' என்று சீட்டு ஒட்டினேன். அணி மொத்தமாகச் செத்தால் எழாது. நாலு பேர் மிஞ்சினால் சுவர் மறைவுக்கு இழுத்துவிடுங்கள்.

ஓர்க் ஆள் ஒரே ஒரு தடவை 'வாஆக்' அறிவிப்பார். அந்தச் சுற்றில் அவர் படை விரைந்தோடிவிட்டும் எதிரி மேல் பாயலாம்: 6 அங்குல நடை, ஓட்டத்துக்கு ஒரு பகடை, பாய்ச்சலுக்கு இரண்டு. சராசரியே 16 அங்குலத்தைத் தாண்டும். அறிவித்துவிட்டாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள், சொல்வார்கள்.

சரி, ஃபெவிக்விக் ஒன்று பையில் இருக்கட்டும். அல்சூரிலிருந்து ஆட்டோவில் வந்ததிலேயே என் தளபதி பொம்மைக்குக் கை போனது. இரவல் படை வேறு.