கிட் புஷ் செய்தால் தளம் மாற வேண்டும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சர்வரில் கிட்டின் பேர் ரெப்போ (கோப்புகளை விரித்து வைக்காமல், மாற்றங்களின் வரலாற்றை மட்டும் வைக்கும் களஞ்சியம்) வைத்து, போஸ்ட்-ரிசீவ் ஹூக் (புஷ் வந்ததும் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்) எழுதியிருக்கிறேன். புஷ் (மாற்றங்களைச் சர்வருக்கு அனுப்புவது) நல்லபடியாக முடிகிறது. தளம் மட்டும் பழையபடியே இருக்கிறது. ஏன்?

பதில்: புஷ் முடிந்ததை வைத்து ஹூக்கை எடைபோட வேண்டாம். கமிட்டுகள் (பதிவுசெய்த மாற்றங்கள்) ரெப்போவில் சேர்ந்த பிறகுதான் போஸ்ட்-ரிசீவ் ஓடும். அது பாதியில் விழுந்தாலும் புஷ் வெற்றிதான்.

ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ஒரு எக்கோ வரி (திரையில் எழுதும் கட்டளை) போடுங்கள். ஹூக் ஓடினால் அந்த வரி உங்கள் டெர்மினலிலேயே 'ரிமோட்' என்ற சொல்லோடு வந்து நிற்கும். வரவில்லையா? கோப்பின் பெயருக்குப் பின்னால் '.எஸ்எச்' ஒட்டியிருக்கலாம், அல்லது சிஎச்மாட் கொடுத்து இயக்க அனுமதி தராமல் விட்டிருக்கலாம். கோப்பு கண்ணெதிரே இருக்க, 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று பிழை வந்தால், விண்டோஸில் எழுதிய வரிமுடிவுகளைச் சந்தேகியுங்கள்.

ஹூக் ஓடியும் தளம் மாறவில்லை என்றால் பெரும்பாலும் கிளையின் (பிரான்ச்) பெயர்தான் சிக்கல். ரெப்போக்களை வைத்திருக்கும் இணையச் சேவையான கிட்ஹப், 2020 அக்டோபர் முதல் புதிய ரெப்போக்களின் இயல்புக் கிளைக்கு 'மெயின்' என்று பெயர் வைக்கிறது. உங்கள் சர்வரின் பேர் ரெப்போவில் ஹெட் (நடப்புக் கிளையைச் சுட்டும் குறிப்பு) இன்னும் பழைய பெயரான 'மாஸ்டரை'யே காட்டிக்கொண்டிருக்கலாம். கிளையைச் சொல்லாமல் செக்அவுட் (கிளையின் கோப்புகளை ஃபோல்டரில் இறக்குவது) செய்தால் அந்தப் பழைய கிளைதான் தளத்தில் இறங்கும். கட்டளையில் 'மெயின்' என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஹூக்குக்குள் தளத்தின் ஃபோல்டருக்கு சிடி செய்து (ஃபோல்டர் மாறி) கிட் புல் (புதிய மாற்றங்களை இழுக்கும் கட்டளை) கொடுத்தால், 'இது கிட் ரெப்போவே அல்ல' என்கிறது. அதே கட்டளையைக் கையால் அடித்தால் வேலை செய்கிறது.

பதில்: ஹூக்கை ஓட்டும்போது கிட், 'கிட்_டிர்' என்ற சூழல் மாறியில் ஒரு புள்ளியை, அதாவது 'இந்த ஃபோல்டரே' என்பதை, வைத்துவிடுகிறது. நீங்கள் ஃபோல்டர் மாறியதும் அந்தப் புள்ளி தவறான இடத்தைக் காட்டுகிறது. புல்லுக்கு முன் அந்த மாறியை அன்செட் செய்தால் (நீக்கினால்) சரியாகிவிடும். ஆனாலும் ஹூக்குக்குள் புல் வேண்டாம் என்பேன். பேர் ரெப்போவிலிருந்து வொர்க்-ட்ரீ (கோப்புகள் இறங்க வேண்டிய ஃபோல்டர்) பாதையைக் கொடுத்து நேராக செக்அவுட் செய்வதே சுத்தம்.

கேள்வி: தளத்தின் ஃபோல்டரே கிட் குளோனாக (ரெப்போவின் முழு நகலாக) இருந்தால் ஆபத்தா?

பதில்: தடுக்காவிட்டால் பெரிய ஆபத்து. உங்கள் தள முகவரிக்குப் பின் '/.கிட்/ஹெட்' என்பதை ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். கிளைப் பெயரோடு ஒரு வரி தெரிந்தால் கதவு திறந்துதான் கிடக்கிறது. முழு வரலாற்றையும் யாரும் மீட்டெடுக்கலாம். என்றோ கமிட் செய்து பிறகு அழித்த பாஸ்வேர்டு உட்பட. வெப் சர்வரான என்ஜின்எக்ஸில் '/.கிட்' பாதை முழுவதையும் இன்றே மூடுங்கள். திறந்திருந்தது உறுதியானால் எல்லாச் சாவிகளையும் மாற்றுங்கள், மூடியது மட்டும் போதாது.

கேள்வி: தளம் புதுப்பிக்கப்படுகிறது, ஆனால் கிட்ஹப் வெப்ஹூக் (புஷ் வந்ததும் என் சர்வருக்குத் தகவல் அனுப்பும் வசதி) பக்கத்தில் 'டைம் அவுட்' என்று சிவப்பாக நிற்கிறது.

பதில்: 10 விநாடிக்குள் பதில் வராவிட்டால் கிட்ஹப் இணைப்பைத் துண்டிக்கும். கையொப்பத்தை (தகவலை அனுப்பியது கிட்ஹப்தான் என்று காட்டும் குறி) சரிபார்த்ததும் 202 ('ஏற்றுக்கொண்டேன்' என்ற பதில் எண்) அனுப்பிவிட்டு, டிப்ளாய் (புதிய பதிப்பைத் தளத்தில் ஏற்றும்) வேலையைப் பின்னணிக்குத் தள்ளுங்கள். வந்த தகவலை ஜேசனாகப் பிரிப்பதற்கு முன்பே, வந்த பைட்டுகள் மீதே கையொப்பத்தைக் கணக்கிட வேண்டும். அடுத்தடுத்து இரண்டு புஷ் வந்தால் மோதாதிருக்க எஃப்லாக் (ஒரு நேரத்தில் ஒன்றையே ஓடவிடும் பூட்டு) போடுங்கள்.

கேள்வி: டிப்ளாய் ஓடும் நேரத்தில் பார்வையாளர்களுக்குப் பிழைப் பக்கம் வருகிறது. தவிர்க்க முடியுமா?

பதில்: முடியும். ஓடிக்கொண்டிருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே கம்போசரையோ என்பிஎம்மையோ (துணை நூலகங்களை நிறுவும் கருவிகள்) ஓட்டாதீர்கள். ஒவ்வொரு டிப்ளாய்க்கும் தனி ஃபோல்டர். எல்லாம் தயாரான பின் 'கரண்ட்' என்ற சிம்லிங்கை (வேறொரு ஃபோல்டரைச் சுட்டும் இணைப்பு) அதற்குத் திருப்புங்கள். பழைய லினக்ஸ் பதிப்புகளில் 'எல்என் -எஸ்எஃப்என்' கட்டளை பழைய இணைப்பை அழித்துவிட்டுத்தான் புதியதைப் போடும். அந்த நொடிக்குள்ளும் பிழை வரலாம். வேறு பெயரில் இணைப்பு உருவாக்கி, 'எம்வி -டி' கொண்டு பழையதன் மேல் நகர்த்துங்கள். பிஎச்பி தளமென்றால் என்ஜின்எக்ஸில் 'டாக்யுமென்ட்_ரூட்' இருக்கும் இடத்தில் 'ரியல்பாத்_ரூட்' கொடுங்கள். இல்லையேல் ஓப்கேஷ் (பிஎச்பி கோடைத் தற்காலிகமாக நினைவில் வைக்கும் வசதி) பழைய கோப்புகளையே பரிமாறும். அப்லோடுகளும் '.என்வி' கோப்பும் (தளத்தின் அமைப்புகள் உள்ளது) எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான ஒரு தனி ஃபோல்டரில் இருக்கட்டும்.

பழைய பதிப்புக்குத் திரும்ப, இணைப்பைத் திருப்பினால் போதும். டேட்டாபேஸ் அப்படித் திரும்பாது. அதனால் டேபிளில் ஒரு பத்தியை (காலம்) நீக்கும் மாற்றத்தை, அதைப் பயன்படுத்தாத புரோகிராம் கோடு தளத்தில் ஏறி நிலைத்த பிறகு, அடுத்த டிப்ளாயில் தனியாக அனுப்புங்கள்.