உயரம் போதாது, வேகம் வேண்டும்

கேள்வி: விண்வெளி நிலையத்தில் புவியீர்ப்பு இல்லாததால்தான் வீரர்கள் மிதக்கிறார்கள் என்கிறார்கள். அப்படியானால் ஈர்ப்பின் எல்லையைத் தாண்டும் உயரத்துக்கு ஏறிவிட்டால் போதுமே, எதற்கு இவ்வளவு எரிபொருள்?
- ஒரு வாசகர், தேனி

பதில்: போதாது. முதலில் 'ஈர்ப்பின் எல்லை' என்ற நினைப்பை விட்டுவிடுங்கள், அப்படி ஒன்று கிடையாது. நிலையம் இருப்பது சுமார் 400 கி.மீ. உயரத்தில். பூமியின் மையத்திலிருந்து நாம் 6,370 கி.மீ. தள்ளி நிற்கிறோம், அவர்கள் 6,770 கி.மீ. இந்தச் சின்ன வித்தியாசத்தில் ஈர்ப்பு எங்கே போய்விடும்? தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. ஏன், 3,84,000 கி.மீ. தள்ளியிருக்கும் நிலாவையே அதுதான் இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது.

உயரம் மட்டும் போதுமா என்பதற்கு 1961-லேயே விடை கிடைத்துவிட்டது. மே 5 அன்று அமெரிக்காவின் ஆலன் ஷெப்பர்ட் 187 கி.மீ. உயரம் வரை போனார். கிளம்பிய கால் மணி நேரத்தில் அட்லாண்டிக் கடலில் வந்து இறங்கினார். அதற்கு மூன்று வாரம் முன்பு யூரி ககாரின் போன பாதையின் தாழ்வான பகுதியும் கிட்டத்தட்ட இதே உயரம்தான். ஆனால் அவர் பூமியையே சுற்றி வந்துவிட்டார். ஷெப்பர்டின் வேகம் அதிகபட்சம் மணிக்குச் சுமார் 8,000 கி.மீ. ககாரினுடையது 27,000-க்கும் மேல். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் எல்லாமே அதில்தான் இருக்கிறது.

நிலையம் ஒரு நொடியில் 7.7 கி.மீ. முன்னால் ஓடுகிறது. அதே நொடியில் 4.3 மீட்டர் பூமியை நோக்கி விழவும் செய்கிறது. பூமி உருண்டை என்பதால் அதன் பரப்பும் அதற்கேற்ப வளைந்து விலகிவிடுகிறது. ஆக, நிலையம் ஓயாமல் விழுகிறது, தரையைத்தான் எட்டுவதில்லை. நிலாவும் இப்படித்தான் விழுகிறது என்று நியூட்டன் 1687-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். உள்ளே இருப்பவரும் நிலையத்தோடு சேர்ந்தே விழுவதால் அதன் தளம் அவர் காலைத் தாங்குவதில்லை. நாம் எடை என்று உணர்வது அந்தத் தாங்கலைத்தான்.

உங்கள் பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே காட்டலாம். பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கம் ஓட்டை போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடாமல் மாடியிலிருந்து கீழே விடுங்கள். விழும்வரை ஓட்டையில் தண்ணீர் ஒழுகாது. பாட்டில் விழும் வேகத்திலேயே தண்ணீரும் விழுகிறது, அதை வெளியே தள்ளும் அழுத்தம் இல்லை. பாடப்புத்தகத்தின் பத்துப் பக்கத்தைவிட இது மனதில் நிற்கும்.

அப்புறம் எரிபொருள். ஒரு கிலோ பொருளை 400 கி.மீ. உயரத்துக்குத் தூக்க மட்டும் 3.7 மெகாஜூல் ஆற்றல் போதும். அதற்கு அந்தச் சுற்றுப்பாதை வேகத்தைக் கொடுக்கவோ சுமார் 29 மெகாஜூல் வேண்டும், அதாவது எட்டு மடங்கு. ராக்கெட் கிளம்பிய சில நொடிகளிலேயே மெல்லச் சாயத் தொடங்குவது இந்தப் பக்கவாட்டு வேகத்தைச் சேர்க்கத்தான். திரும்பும்போது இவ்வளவு ஆற்றலையும் கலம் எங்காவது கொட்டியாக வேண்டும். காற்றில் மோதி வெப்பமாகக் கொட்டுகிறது. வெப்பக் கவசம் இல்லாமல் எந்த வீரரும் அங்கிருந்து உயிரோடு இறங்க முடியாது.