3 எச்பி மோட்டார் எரிந்தால் 5 எச்பி போடலாமா?

கேள்வி: நெல்லை பேட்டையில் பிளாஸ்டிக் கழிவு தரம்பிரிக்கும் ஷெட் நடத்துகிறேன். சுழல் சல்லடை, பெல்ட், புளோயர் எல்லாம் மோட்டாரில் ஓடுபவை. பெல்ட் வேகத்துக்கு, நின்று பொறுக்கும் அக்காமாரால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று, மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவில் 15 ஹெர்ட்ஸ் வைத்து ஓட்டினோம். நாலு மாதத்தில் 3 எச்பி மோட்டார் இரண்டு முறை எரிந்துவிட்டது. ஆம்ப்ஸ் சரியாகவே இருக்கிறது என்கிறார் எலக்ட்ரீஷியன். மோட்டார் வாங்கித் தருபவரோ 5 எச்பி போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் மோட்டார் காற்றில்லாமல் வெந்துபோகிறது.

மோட்டாரின் பின்மூடிக்குள் ஒரு விசிறி இருக்கிறதல்லவா, அது மோட்டாரின் அச்சிலேயே மாட்டியது. 50 ஹெர்ட்ஸில் இந்த மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1,430 சுற்று சுற்றும். 15 ஹெர்ட்ஸில் சுமார் 400தான். விசிறியும் அவ்வளவுதான் சுற்றும். ஆனால் பெல்ட் மேல் கிடக்கும் குப்பையின் கனம் குறையவில்லையே. அதை இழுக்க ஏறக்குறைய அதே ஆம்ப்ஸ் வேண்டும், காயிலில் அதே சூடு கிளம்பும். எலக்ட்ரீஷியன் சொன்னது உண்மை. ஆம்ப்ஸ் சரியாக இருப்பதால்தான், ஆம்ப்ஸ் மீறினால் மின்சாரத்தை வெட்டும் ஓவர்லோடு ரிலேயும் விழாமல் மோட்டார் எரிகிறது. சுற்றுப்புறம் 40 டிகிரி வரை என்று கணக்கிட்டுச் செய்த மோட்டார் இது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் அதற்கு மேலேயே போகும். ஆடிக் காற்றுப் புழுதி விசிறி மூடியை அடைத்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம்.

5 எச்பி கொஞ்ச நாள் கூடுதலாகத் தாங்கும். ஆனால் டிரைவையும் பெரிதாக்க வேண்டும், மின் இணைப்பின் பளுவையும் பார்க்க வேண்டும். அவ்வளவு செலவுக்குப் பதில் ஸ்ப்ராக்கெட்டை, அதாவது சங்கிலி ஓடும் பல்சக்கரத்தை, மாற்றுங்கள். இப்போது கியர்பாக்ஸ் பக்கமும், பெல்ட்டை இழுக்கும் உருளையான ட்ரம் பக்கமும் 17 பல் என்றால், ட்ரம் பக்கம் 51 பல் போடுங்கள். மோட்டார் 45 ஹெர்ட்ஸில் ஓடும், பெல்ட் இப்போதைய வேகத்திலேயே நகரும், மோட்டார் மேல் விழும் பாரமும் மூன்றில் ஒரு பங்காகும்.

புளோயருக்கு மட்டும் இந்தப் பயம் வேண்டாம். இதைக் குழப்பிக்கொண்டு புளோயரையும் முழு வேகத்தில் விட்டு மின்கட்டணம் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்றைத் தள்ளும் வேலை பெல்ட்டை இழுப்பது போன்றதல்ல. வேகம் பாதியானால் தேவைப்படும் முறுக்குவிசை கால்பங்கு, மின்சாரம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. விசிறி மெதுவாகச் சுற்றினாலும் அங்கே தணிக்க வேண்டிய சூடே குறைவு. ஆகவே புளோயரைத் தாராளமாகக் குறைத்து ஓட்டலாம். பெல்ட்டுக்கும் சல்லடைக்கும் அது பொருந்தாது.

அப்புறம், காயில் கட்டும் விஷயம். எரிந்த மோட்டாரைக் கண்ணுக்கு மறைவாக விடாதீர்கள். இடையில் ஒருவர் எடுத்துப்போய்க் கட்டிவந்தால், பழைய செம்புக் கம்பியின் விலையைக் கூலியில் கழித்தாரா என்று கேளுங்கள். புதுக் கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்: வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அதே தடிமனுள்ள செம்புக் கம்பியில் ஓடும் ஆம்ப்ஸை அதில் விட்டால் சூடு மிகும். பழைய காயிலை எடுக்க நேராகத் தீ மூட்டும் பட்டறை வேண்டவே வேண்டாம். உள்ளே அடுக்கிய இரும்புத் தகடுகளின் காப்பு கருகி, அடுத்த காயிலும் சீக்கிரம் போகும். பெரிய மோட்டார் விற்றால் கமிஷனும் பெரிது என்பதையும் நினைவில் வையுங்கள்.

குப்பையையும் சொல்ல வேண்டும். வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. இன்னமும் பழைய சேலை, சாக்குக் கயிறு, சோற்றுக் கழிவு எல்லாம் ஒரே மூட்டையில் வருகின்றன. இயந்திரம் வாங்க மானியம் உண்டு. அதைப் பராமரிக்கப் பழகிய ஆளுக்கு யார் சம்பளம் தருவது? கயிறு ட்ரம்மின் பேரிங் ஓரத்தில் சுற்றி இறுகினால் பாரம் ஏறும். தினமும் வேலை முடிந்ததும் அதை அறுத்தெடுங்கள்.

ஸ்ப்ராக்கெட் மாற்றியபின் பெல்ட்டின் இழுவிசை மூன்று மடங்கு வரை போகலாம், சிக்கினால் பெல்ட் கிழியும், கை மாட்டினால் கை போகும். அதனால் டிரைவின் கரண்ட் வரம்பை, மோட்டாரின் நேம் பிளேட்டில் போட்டிருக்கும் ஆம்ப்ஸைப் பார்க்காமல், பாரத்தோடு ஓடும்போது காட்டும் ஆம்ப்ஸுக்குச் சற்றே மேலாக வைக்கச் சொல்லுங்கள். பெல்ட் நெடுக இழுத்தால் நிற்கும் கயிறு கட்டுங்கள். ட்ரம்மில் சுற்றிய குப்பைக் கயிற்றை அறுக்கும் முன் மெயினை அணைத்துப் பூட்டி, சாவியை அறுப்பவர் பையிலேயே வைத்திருக்கட்டும்.